மே மாதத்தைத் திருடியவனின் வாழ்த்துரை

மார்ச் 3, செவ்வாய்

உலக வரலாற்றில் இதுவரை எந்த மைத்துனனுக்கும் கிடைக்காத பதவி ஒன்று இன்று பிற்பகல் எனக்கு வழங்கப்பட்டது. முடிசூட்டு விழா நடந்த இடம் பாரிஸின் லா சப்பல் தேநீர்க்கடை. செங்கோல், நான் பாதி கடித்த மீன் ரோல்.

இராஜதுரை அத்தான் ஸ்தேன் புறநகரிலிருந்து வந்திருந்தார். காரணம் இல்லாமல் அவர் மெட்ரோ ஏறுகிற ஆள் இல்லை. சீனி போடாத தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஐங்கரா, மேரியில எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஒராள் வேணும். நீ வருவியோ?"

மே 23, சனிக்கிழமை. அத்தானுக்கும் ஞானமலருக்கும் மேரியில், அதாவது நகரசபையில், பதிவுத் திருமணம். பிறகு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. சாட்சியாக நிற்பவன் சாப்பாட்டு நேரத்தில் எழும்பி ஒரு பேச்சும் பேசவேண்டும், அது இந்த நாட்டு வழக்கம்.

நான் மார்பை விரித்து, "சாட்சி என்ன அத்தான், குதிரைப் படையோட வாறன்" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ அவவின்ரை தம்பி. உனக்கு ஏலாதெண்டாச் சொல்லு. நான் கோவிக்கமாட்டன்."

அவ என்றால் கோசலை. என் அக்கா. அத்தானின் மனைவி. போய் ஏழு வருடம் ஆகப்போகிறது.

அவர்களின் கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். பெண்ணின் தம்பி தண்ணீர் ஊற்றி மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். நான் கழுவிய கழுவலில் செய்ன் ஆறு பெருகி மண்டபம் மிதந்தது. (சரி, அத்தானின் வேட்டி முழங்கால்வரை நனைந்தது.) அந்த மோதிரம் இப்போதும் விரலில் கிடக்கிறது. கழற்ற முடியாது. மோதிரம் அப்படியே இருக்கிறது, விரல்தான் வளர்ந்துவிட்டது.

"ஏலும்" என்றேன்.

நான் ஒரே சொல்லில் பதில் சொல்லி அத்தான் முன்பு கேட்டதில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

மார்ச் 4, புதன்

ஏலும் என்றேனே. ஏலுமா?

மார்ச் 15, ஞாயிறு

பியர்ஃபித்தில் ஞானமலர் வீட்டில் சாப்பாடு. மன்னார்ப் பெண். பள்ளிக்கூடக் கன்ரீனில் சமையல். தம்பி தங்கைகள் எல்லாரையும் கரைசேர்த்துவிட்டுத் தான் மட்டும் கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்டவர். அத்தானும் அவரும் ஒரே பஸ்ஸில் இரண்டு வருடம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டி, மூன்றாம் வருடம்தான் வாய் திறந்திருக்கிறார்கள். நத்தைகள் இவர்களைக் கண்டால் தாங்களே அவசரக்காரர் என்று தோளில் தட்டிக்கொள்ளும்.

இறால் பொரியலைப் பற்றி ஒரு காவியம் எழுதலாம். இன்று வேண்டாம். எழுத வேண்டியது வேறு.

அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முறைப்படி நான் "அக்கா" என்று கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லை வாயில் எடுத்து ஏழு வருடம். ஆகவே அவரை எப்படியும் கூப்பிடாமல், "இஞ்சை பாருங்கோ", "இந்தாங்கோ" என்றே இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அவர் கவனித்தார். இன்னும் இரண்டு இறால் வைத்தார்.

மார்ச் 19, வியாழன்

எங்கள் ரெஸ்ரோறண்ட் செஃப் கிரிகோரி, சாட்சியின் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். முதலில் சிரிக்க வைக்க வேண்டுமாம், பிறகு அழ வைக்க வேண்டுமாம், பிறகு உடனே குடிக்க வைக்க வேண்டுமாம். "ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் மாமிசம் ஆறிவிடும்."

ஐந்து நிமிடத்தில் நான் தொண்டையைக்கூடச் செருமி முடிக்கமாட்டேன்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது, மூன்று மணிக்கு, மாலை முறைக்கு றஜீவன் வந்தான். எங்கள் அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. போகிறவன் வருகிறவனுக்கு ஒவ்வொரு அடுப்பாகக் காட்டிச் சொல்ல வேண்டும்: இது அடிப்பிடிக்கும், இது பொங்கும், இதை மூடாதே. வருகிறவன் "வாங்கிட்டன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை போகிறவன் ஏப்ரனைக் கழற்றக்கூடாது. ஒருமுறை றஜீவன் போன் கதைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். அன்று பாரிஸ் நகரம் சாம்பலானது. (சரி, ஒரு சட்டி சோஸ்.)

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டர் திங்கள், விடுமுறை. லக்ஷனா வந்தாள். அக்கா மகள், என் மருமகள், காப்புறுதி அலுவலகத்தில் உத்தியோகம். நான் தமிழில் கேட்க அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ். பேச்சை அவள்தான் பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்க்கப் போகிறாள். ஆகவே நான் எழுதிவைத்த பதினான்கு பக்கத்தையும் அவள் முன்னால் முழங்கினேன்.

"மாமா, இரண்டாம் பக்கத்தில் அப்பா கரடியோடு சண்டை பிடிக்கிறார்."

"ஓம். சைபீரியாவில."

"அப்பா பிரான்ஸுக்கு விமானத்தில் வந்தவர்."

"அப்ப கரடி விமானத்தில ஏறினது எண்டு மாத்துறன்."

மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரிக்கும்போது அப்படியே அக்கா. பிறகு தாள்களைத் திரும்பப் புரட்டினாள். சிரிப்பு நின்றது.

"அம்மா எங்கை?" தமிழில் கேட்டாள்.

"கலியாண வீட்டில செத்த ஆளின்ரை கதை எடுக்கக்கூடாது, பிள்ளை."

"கரடி வரலாம். அம்மா வரக்கூடாது."

தாள்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அக்காவின் பெயரைத் தொட்டால் நான் பேசி முடிப்பேனா? கரடி என்றால் முடிப்பேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். மிகைப்படுத்தவில்லை.

பேச்சைக் கல்யாணக் கார்டு மாதிரிக் கம்பீரமாகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். "நிகழும் பராபவ வருடம் வைகாசித் திங்கள் ஒன்பதாம் நாள், சனிக்கிழமையும் இன்ன திதியும் கூடிய சுபவேளையில்" என்று சங்கு ஊதியதுபோல. திதியைப் பார்க்கத் தேநீர்க்கடைச் சுவரில் தொங்கிய கலண்டரின் மே மாதத் தாளைத் தூக்கினேன்.

வளர்பிறை அட்டமி.

வைகாசி வளர்பிறை அட்டமி கோசலை அக்காவின் திதி. அவளுக்குத் திவசம் கொடுக்கிற நாள்.

எங்களில் ஒருவர்கூடக் கலண்டர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதில் பெருமை வேறு. "அறுபது வயதில என்ன நல்ல நாள், மேரி தாற நாள்தான் நல்ல நாள்" என்று அத்தான் சொல்ல நான் கைதட்டினேன். திதி சந்திரனோடு நகரும். போன வருடம் ஜூன் 3 வந்தது. எல்லார் மனதிலும் திவசம் என்றால் ஜூன், கல்யாணம் மே, இடையில் மதில்.

அந்த ஒரு நாளை அத்தான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. வேலைக்கு லீவு போட்டு, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, வாழையிலையில் படைத்துவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிப்பார்.

இப்போது என்ன செய்வது? கடவுளே, என்ன செய்யிறது?

ஏப்ரல் 22, புதன்

லக்ஷனாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அம்மாவின் நாளைப் பிரெஞ்சுத் திகதிப்படி வைத்திருக்கிறாள். "எனக்கு அம்மா ஜூன் பத்து. எந்தச் சந்திரனும் அதை மாற்றாது." பிறகு நகத்தைக் கடித்தாள். "அப்பாவுக்குத் தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார், மாமா."

"தெரிஞ்சால்தானே" என்றேன்.

"என்ன செய்யப்போறீங்கள்?" தமிழில் கேட்டாள். ஆபத்தின் அறிகுறி.

ஏப்ரல் 26, ஞாயிறு

இந்தப் பூமியில் பணத்தைத் திருடியவன் உண்டு, நாட்டைத் திருடியவன் உண்டு. ஒரு முழு மாதத்தைத் திருடிய முதல் மனிதன் நான்தான்.

ஸ்தேனுக்குப் போனேன். அத்தான் தேநீர் போடத் திரும்பிய கணத்தில் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரிலிருந்து மே மாதத் தாளைக் கிழித்து மடித்து மேற்சட்டைக்குள் வைத்தேன். கிழிக்கும் சத்தம் கேட்காமலிருக்க உரத்து இருமினேன். அத்தான் பதறித் தேநீரில் இஞ்சி போட்டுத் தந்தார். அந்த இஞ்சித் தேநீரை நான் குடித்த குடி இருக்கிறதே.

மே மாதம் என் நெஞ்சுக்கு மேல் சரசரத்துக்கொண்டு மெட்ரோவில் வந்தது.

ஏப்ரல் 30, வியாழன்

நான் ஒரு விசரன், முழுப் பைத்தியம். தனி விசரன் இல்லை, விசரர்களின் சக்கரவர்த்தி.

மாதக் கடைசி நாளில் கலண்டர் தாளைத் திருப்புகிற மனிதர் அத்தான். திருப்பியிருக்கிறார். ஏப்ரலுக்குப் பிறகு ஜூன். அச்சுப் பிழை என்று நினைத்து, கலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாற்றி வாங்க லா சப்பல் கடைக்கே வந்துவிட்டார். கடைக்காரர் புதிதாக ஒன்று எடுத்து மே மாதத்தை விரித்துக் காட்டியிருக்கிறார்.

எங்கள் ரெஸ்ரோறண்டின் பின்கதவில் வந்து நின்றார். வேலை இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. சுருட்டிய கலண்டர் கையில்.

"அவவுக்கு விருப்பமில்லை, ஐங்கரா."

"அத்தான், அது சும்மா—"

"முந்நூற்றி அறுபத்தைஞ்சு நாள் இருக்கு. அவவின்ரை நாளே வந்து நிக்குது. நான் பாக்கேல்லை. ஏழு வருசமாப் பாத்தனான், இந்த வருசம் பாக்கேல்லை. ஏன் பாக்கேல்லை?"

"தாளைக் கிழிச்சது நான், அத்தான்."

என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"உனக்கும் பயந்தானே" என்றார். "திங்கக்கிழமை மேரிக்குப் போய் வேண்டாமெண்டு சொல்லப்போறன். மலரிட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை."

குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே அவர் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கிரிகோரி என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

மே 1, வெள்ளி

தெரு மூலையெல்லாம் வெள்ளை மணிப்பூ விற்கிறார்கள், அதிர்ஷ்டம் தருமாம். மூன்று கொத்து வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மே 3, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது.

காலையில் பியர்ஃபித்துக்குப் போனேன். ஞானமலர் மாதா கோயில் பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. அத்தான் வாயால் வரும் முன் நானே சொல்லிவிடுவது என்று முடிவு. கிழித்த தாளையும் எடுத்துப் போயிருந்தேன். மேசையில் விரித்தேன். அட்டமியைக் காட்டினேன். அலங்காரம் எதுவும் இல்லாமல் சொன்னேன். எனக்கே என் குரல் பழக்கமில்லாமல் இருந்தது.

அவர் தாளின் மடிப்பைக் கையால் தடவித் தடவி நிமிர்த்தினார்.

"கொக்காவுக்கு என்ன பிடிக்கும்?" என்று என் அக்காவைப் பற்றிக் கேட்டார்.

"எனக்கு விளங்கேல்லை."

"படைக்கிறதெண்டா அவவுக்குப் பிடிச்சதுதானே வைப்பினம். என்ன பிடிக்கும்?"

நான் தாளைத் திரும்ப மடிக்கத் தொடங்கினேன். அவர் கைப்பையை எடுத்தார். "வாங்கோ, அவரிட்டையே கேப்பம்."

ஸ்தேன். கதவைத் திறந்த அத்தான் எங்களைக் கண்டதும் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஞானமலர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "எனக்கு அம்பத்தாறு வயசு. இதுதான் முதல் கலியாணம். இதைத் தள்ளிவைக்கேலாது. அவவின்ரை நாளையும் தள்ளிவைக்கேலாது. அப்ப ரெண்டையும் ஒரே உலையில வைப்பம். காலமை மேரி. மத்தியானம் முதல் இலை அவவுக்கு. பேந்து சனத்துக்கு."

"சனம் என்ன சொல்லும், மலர்?"

"சனத்துக்குச் சமைக்கிறது நான். சொல்லுறதைச் சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்."

"உம்மடை கலியாணச் சாப்பாட்டைத் திவசச் சாப்பாடாக்கிறதோ? அது உமக்கு நான் செய்யிற நியாயமோ?"

"அவவின்ரை பேரை நீங்கள் என்ரை முன்னால ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். நான் வந்ததால அவவை எங்கையோ ஒளிச்சு வைச்சிருக்கிற மாதிரி." பிறகு, கன்ரீனில் கேட்கிற தொனியிலேயே: "என்ன பிடிக்கும் எண்டு சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லை" என்றார் அத்தான், அடுப்புக்கு.

ஞானமலர் காத்திருந்தார். நானும். (நான் பேசாமல் இருந்தேன். இதற்கு எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.)

"பாவற்காய்" என்றார் அத்தான் கடைசியில்.

"பொரிச்சோ, கறியோ?"

"பொரிச்சு. கருகுற மாதிரி. நான் கருகிப்போச்செண்டு சொன்னா, இதுதான் பதம் எண்டு சண்டைக்கு வருவா..." திரும்பினார். "உளுந்து வடை. பிறகு — சிரிக்கக்கூடாது — அந்த அப்பிள் வைச்ச ஷோசோன். சம்பளத்துக்குச் சம்பளம் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். மேல்தோலை முதல்ல உரிச்சுச் சாப்பிடுவா, சின்னப்பிள்ளை மாதிரி."

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அக்கா அவரை என்னென்ன சொல்லித் திட்டுவாள் என்று எல்லாம் சொன்னார். கறிச்சட்டி மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதற்குத் திட்டு. பஸ் தரிப்பிலிருந்து காஸ் பூட்டியாச்சா என்று திரும்பி வந்து பார்ப்பதற்குத் திட்டு. ஞானமலர் கேள்வி கேட்டுக்கேட்டு வாங்கிக்கொண்டார். "ஓமோ? அதுக்கு அவ என்ன செய்வா?" நான் கதவோரம் சாய்ந்து நின்றேன்.

நான் இதை முன்பு எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. வீடு வரும் வழியில், ரயிலில், புரிந்தது. தினமும் மூன்று மணிக்கு எங்கள் அடுப்படியில் பார்க்கிறேன்.

பதினான்கு பக்கத்தையும் கிழித்தேன். கரடி, ஆன்மா சாந்தியடைவதாக.

மே 5, செவ்வாய்

ஐயரிடம் போனோம். அட்டமியில் கல்யாணமா என்று முகத்தைச் சுளிப்பார் என்று நான் ஒரு வழக்குரையே தயாரித்து வைத்திருந்தேன். "தாலி கட்டுறதெண்டா நாள் பாக்கலாம். மேரியில கையெழுத்துப் போடுறதுக்கு அட்டமியுமில்லை நவமியுமில்லை" என்றார். மத்தியானப் படையல் தாராளமாகச் செய்யலாமாம். அத்தானுக்கு ஒரே சந்தேகம், ஷோசோனின் மேல் முட்டை பூசியிருப்பார்களே. ஐயர் நீண்ட நேரம் யோசித்தார். "பூசாமச் சுடச் சொல்லுங்கோ."

ஒரு பின்விளைவு: அன்று மண்டபம் முழுக்கச் சைவம். நூற்றிருபது பேருக்குச் சொல்லியிருந்த ஆட்டிறைச்சி ரத்து. என் இழப்பை வரலாறு மறக்காது.

மே 14, வியாழன்

லக்ஷனாவுக்குப் புதிய பேச்சைப் படித்துக் காட்டினேன். ஒரு பக்கம் மட்டும். அவள் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. தாளைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"கடைசி வரியை உங்களால் சொல்ல முடியுமா, மாமா?"

"நான் ஆர்?" என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன்."

மே 22, வெள்ளி

கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். கடைசி வரிக்கு முதல் வரிவரை அபாரம்.

மே 24, ஞாயிறு

நேற்று.

மேரியில் அத்தான் கையெழுத்துப் போட்டது நீல நிறக் கோட்டில். ஞானமலர் அரக்குச் சேலை. நான் சாட்சிக் கையெழுத்தை அரசாணைபோல் சுழித்துப் போட்டேன். பதிவு செய்த அதிகாரி அம்மா, "ஐயா, கட்டத்துக்குள்" என்றார்.

மண்டபத்துக்கு வந்ததும் ஞானமலர் கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். விடியவே கன்ரீன் சிநேகிதி ஆலீஸையும் கூட்டிக்கொண்டு வந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் மேரிக்கு வந்திருக்கிறார். கிழக்குப் பக்கம் ஒரு மேசை. அக்காவின் படம். தலைவாழையிலை. சோறு, பருப்பு, வடை, பாயாசம். பாவற்காய், கருகியது. இலையின் ஓரத்தில், முட்டை பூசாததால் வெளிறிப்போன ஒரு ஷோசோன். அத்தான் கற்பூரம் கொளுத்தினார். தீக்குச்சி இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் ஞானமலர் கையைக் குவித்துக் காற்றை மறைத்தார்.

பின்னால் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கேட்கும்படியே சொன்னார்: "இப்ப நாங்கள் சாப்பிடப்போறது கலியாணச் சோறோ, திவசச் சோறோ?"

ஞானமலர் திரும்பினார். "ரெண்டுந்தான் அண்ணை. உப்புச் சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நான். ஒரு கையில் மைக், ஒரு கையில் தாள். பக்கத்தில் லக்ஷனா.

"நான் இண்டைக்கு வாழ்த்துரை சொல்ல வரேல்லை" என்று தொடங்கினேன். "எங்கடை அடுப்படியில ஒரு சட்டம் இருக்கு. வேலை முடிச்சுப் போற ஆள், வாற ஆளிட்டை எல்லாத்தையும் சொல்லி ஒப்படைக்கவேணும். என்ரை அக்கா கோசலை இருபத்திமூண்டு வருசம் இந்த மனுசனைப் பாத்தவ. அவ போகேக்கை ஒப்படைக்க ஆளில்லை. இண்டைக்கு அவவின்ரை நாள். வந்திருக்கிறா, இலை போட்டிருக்கு. அவவுக்காக நான் ஒப்படைக்கிறன்."

அத்தான் மேசைவிரிப்பைப் பார்த்தார்.

"ஒண்டு. இந்த ஆள் மூடியைத் திறந்து பாக்கிற ஆள். கறி வேகாது. அகப்பையைக் கையில வைச்சிருங்கோ. அடிக்கத் தேவையில்லை, காட்டினாக் காணும்.

"ரெண்டு. பஸ் தரிப்பில இருந்து திரும்பி வருவார், காஸ் பூட்டினதோ எண்டு பாக்க. மறிக்கவேண்டாம். அடுத்த பஸ்ஸில போங்கோ.

"மூண்டு. 'ஒண்டுமில்லை' எண்டு சொன்னா, என்னவோ இருக்கு. அவசரப்படுத்தாதேங்கோ. மெல்லிய சூட்டில விட்டா தானாப் பொங்கும்."

லக்ஷனா ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் சொன்னாள். பிரெஞ்சுக்காரர்கள் தமிழரைவிட அதிகம் சிரித்தார்கள். எனக்குச் சந்தேகம். காது கொடுத்துக் கேட்டேன். என் அத்தான் காஸ் பார்க்க லியோன் நகரத்திலிருந்து, அதிவேக ரயிலை நிறுத்தி இறங்கி வந்ததாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்! நான் வாழ்நாளில் முதல்முறையாக உள்ளதை மட்டும் பேசுகிறேன், என் மருமகள் என் பக்கத்திலேயே நின்று புளுகுகிறாள். அந்தப் பெருமையை எழுத இந்தக் கொப்பி போதாது.

அடுத்தது கடைசி வரி. தாளைப் பார்த்தேன். அப்போது லக்ஷனா மைக்கை என் கையிலிருந்து எடுத்தாள். தாளில் இல்லாததைச் சொன்னாள். தமிழில். கோபம் இல்லாத தமிழ், தட்டித் தடவி வந்தது.

"நாலு. இது அம்மாவுக்குத் தெரியாது. அவ போன பிறகு வந்தது. அப்பா ஏழு வருசமா நிண்டுகொண்டுதான் சாப்பிடுறார். அடுப்புக்குப் பக்கத்தில. பசி இல்லை எண்டு சொல்லுவார். ஆள் இல்லாட்டி மேசையில இருக்கமாட்டார். அவரை... அவரை இருத்துங்கோ."

மைக்கை என்னிடம் தந்துவிட்டாள். இதை அவள் பிரெஞ்சில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கிரிகோரி கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஒரு சொல் விளங்காமல்.

என் வரி மட்டும் மிச்சம். "அடுப்பு இனி உங்கடை." மூன்றே சொல். ஞானமலரைப் பார்த்தேன். எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கக்கூட இல்லை.

"அக்கா" என்றேன்.

அவ்வளவுதான். நான், ஐங்கரன், பேச்சின் பேரரசன், நூற்றிருபது பேர் முன்னால் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.

ஞானமலர் எழும்பினார். கன்ரீன்காரி அல்லவா, எந்த அடுப்படியிலும் வருகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வாங்கிட்டன், தம்பி" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க.

பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்தார். அத்தான் என் பேச்சு தொடங்கியதிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. அவருடைய தோளில் கைவைத்தார். அத்தான் உட்கார்ந்தார். ஆலீஸ் இலை போட்டார்.

கிரிகோரி கணக்கெடுத்தானாம். ஐந்து நிமிடம். ஆறிப்போக மாமிசம்தான் இல்லை.

ஜூன் 10, புதன்

லக்ஷனாவின் திகதி. வழக்கமாகக் கல்லறைக்கு மூன்று பேர் போவோம். இன்று நான்கு பேர். பேக்கரியில் ஷோசோன் வாங்கும்போது மலரக்கா, "இண்டைக்கு முட்டை பூசினதே எடுப்பம், இது பிரெஞ்சு நாள்தானே" என்றார்.

ஜூன் 16, செவ்வாய்

வேலை முடிகிற நேரம், ஏப்ரன் கழற்றுமுன் போன். மலரக்கா.

"தம்பி, ஒப்படைச்சதில ஒண்டு விட்டுப்போட்டீங்கள்."

"என்னக்கா?"

"இருத்தச் சொன்னீங்கள், இருத்தினன். இப்ப மேசையில இருந்தா எழும்பிறாரில்லை. சாப்பிட்டு முடிஞ்சு ஒரு மணித்தியாலமாச்சு. அதுகூடப் பரவாயில்லை. இதைக் கேளுங்கோ."

போனைத் தூரப் பிடித்தார் போல. கோப்பையில் கரண்டி தட்டும் சத்தம். பிறகு ஒரு விசில். தாளம் இல்லை, சுருதி இல்லை, ஒரு பழைய கேத்தில் கொதிப்பது போல. ஆனால் விட்டபாடில்லை.

"ஆர், அத்தானோ?"

"வேற ஆர்? நாள் முழுக்க இதுதான். கொக்கா எப்பிடிப் பொறுத்தவ? இதுக்கு அவ என்ன செய்வா?"

நான் நினைத்துப் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் அவர் காலைக் கழுவிய நாளிலிருந்து நினைத்துப் பார்த்தேன்.

"அக்கா, அது எங்கடை காலத்தில இல்லை" என்றேன். "நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்."

பின்னால் றஜீவன் நின்றான், அடுப்புகளைக் காட்டச் சொல்லி. ஒரு நிமிடம் பொறு என்று கையைக் காட்டினேன். போனில் விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.